எழுத்தொப்புமையும் சொல்லுறவும்
(முரசுமோட்டை என்னும் ஊர்ப்பெயர் கொண்டு ஓர் ஆராய்ச்சி)

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, எப்பொருளை எடுத்துக்கொள்வது எனச் சிறிது மயங்கினோம். அப்பொழுது பள்ளி நாளிலே நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று எம் நினைவில் எழுந்தது. அதுவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

ஒருநாள் தமிழாசிரியர் வகுப்பை நோக்கி, “முரசுமோட்டை என்பதிலுள்ள மோட்டைக்குப் பொருள் யாது?” என வினவினார். எம்முள் ஒருவன் எழுந்து, “மொட்டை ஐயா, மரமில்லாத வெளி” என்றான். மற்றொருவன், “கோட்டை என்பதே மோட்டை எனத் திரிந்தது, அங்கே முரசு வைத்த கோட்டை இருந்திருக்கும்” என்றான். ஆசிரியர் இருவரையும் கடிந்திலர். “இருவரும் காதினாற் பொருள் கண்டீர்கள், கண்ணினாற் கண்டவர் யார்?” என்று மட்டும் கேட்டு, அவ்வூரிலிருந்து வரும் மாணவன் ஒருவனைப் பார்த்து, “வீட்டிலே கேட்டு வா” என்றார். மறுநாள் அவன் கொண்டுவந்த விடை இது: “மாரிக்குத் தண்ணி நிண்டு, கோடையில மாடு குடிக்கிற பள்ளம் எண்டு எங்கட அப்பு சொன்னவர், ஐயா.”

மூன்று விடைகளுள் அகராதியைப் பாராது சொன்ன முதியவரின் விடையே பொருந்தியது. ஏனைய இரண்டும் பிழைத்தது ஏன்? மொட்டை, கோட்டை, மோட்டை என்னும் மூன்றும் எழுத்தால் ஒத்திருத்தலின், பொருளாலும் உறவுடையன என்று எம் தோழர் எண்ணியமையே காரணமாம். எழுத்தால் ஒத்த சொற்கள் எப்பொழுது உறவினர், எப்பொழுது அயலார் என்பதைப் பகுத்தறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுத்தொப்புமை மூவகை

செய்யுளிலக்கணம் பயின்ற மாணவர் மோனை, எதுகை, இயைபு என்னும் தொடைகளை அறிவர். முதலெழுத்து ஒன்றிவருவது மோனை. முதலெழுத்து அளவொத்து நிற்க, இரண்டாமெழுத்து ஒன்றிவருவது எதுகை. இறுதி ஒன்றிவருவது இயைபு. இவை செய்யுளுக்கு மாத்திரம் உரியன என்று பலர் நினைப்பர். சொற்களைத் திரட்டி ஒழுங்குபடுத்தும் வழிகளும் இம்மூன்றே எனலாம். தலை ஒத்தவற்றை ஓரிடத்து வைத்தல் ஒன்று. இரண்டாமெழுத்து ஒத்தவற்றை ஓரிடத்து வைத்தல் மற்றொன்று. வால் ஒத்தவற்றை ஓரிடத்து வைத்தல் பிறிதொன்று. முன்னைய இரண்டினையும் எம் முன்னோர் நன்கு செய்து தந்தனர். மூன்றாவது பெரும்பாலும் எமக்கென விடப்பட்டுள்ளது.

நிகண்டு சென்ற வழி

எமக்குக் கிடைத்துள்ள நிகண்டுகளுள் மிகப் பழையது திவாகரம். அதன் பின்னது பிங்கலம். இவை தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர் எனப் பொருள்வகையாற் சொற்களைத் தொகுத்தன. பதினாறாம் நூற்றாண்டினர் எனப்படும் மண்டல புருடர் செய்த சூடாமணி நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளையுடையது. அதன் பதினோராவது தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுவது. அத்தொகுதியை ஆசிரியர் எதுகை முறையால் அமைத்தார். அகம், நகம், முகம், யுகம் போல்வன ககர எதுகையின்பாற்படும். அரசு, பரசு, முரசு போல்வன ரகர எதுகையின்பாற்படும்.

இம்முறை இன்று எமக்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆயின் அக்காலத்து மாணவன் நூலைக் கையிலே விரித்துச் சொல் தேடினானல்லன். நெஞ்சிலே விரித்துத் தேடினான். திண்ணைப் பள்ளியில் நிகண்டை மனனஞ் செய்தவனுக்குச் செய்யுளின் அடிதோறும் ஒன்றிவரும் இரண்டாமெழுத்தே வழிகாட்டியாயிற்று. ஓரடி நினைவுக்கு வந்தால் அடுத்த அடியை எதுகை இழுத்துக்கொண்டு வரும். ஏடு புரட்டுவோனுக்கு முதலெழுத்து எவ்வளவு உதவுமோ, அவ்வளவு மனனஞ் செய்தோனுக்கு இரண்டாமெழுத்து உதவிற்று. 1849ஆம் ஆண்டில் அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுச் சென்னை சென்ற நல்லூர் ஆறுமுக நாவலர், அங்கே முதற்கண் அச்சேற்றிய நூல்களுள் சூடாமணி நிகண்டுரையும் ஒன்று என்பதிலிருந்தே அந்நூல் எம் நாட்டுக் கல்வியிற் பெற்றிருந்த இடம் புலனாகும்.

அகராதி சென்ற வழி

தலையெழுத்தைக் கொண்டு அகரம் முதலாகச் சொற்களை அடுக்கும் முறையைத் தமிழில் முதன்முதல் மேற்கொண்ட நூல் 1594ஆம் ஆண்டில் இரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு. பின்னர் 1732ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் சதுரகராதியைத் தொகுத்தார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதியுடைமையால் அது அப்பெயர் பெற்றது. அகரவரிசையை விரும்பிய முனிவர் எதுகையைக் கைவிட்டாரல்லர். நான்காவதாகிய தொடையகராதி, எதுகையால் ஒன்றும் சொற்களைச் செய்யுள் செய்வோர்க்கு உதவுமாறு திரட்டித் தருவது. பழைய வழியும் புதிய வழியும் ஒரே நூலிற் கைகோத்து நின்றமை கருதத்தக்கது.

எம் நாட்டாரும் இத்துறையிற் பின்னின்றாரல்லர். 1842ஆம் ஆண்டில் மானிப்பாயில் அச்சேறிய யாழ்ப்பாண அகராதி 58,500 சொற்களைக் கொண்டது. சந்திரசேகர பண்டிதரின் உழைப்பு அதனுள் உண்டு. 1862ஆம் ஆண்டில் வின்சுலோ ஐயரின் தமிழ்–ஆங்கில அகராதி 67,000க்கு மேற்பட்ட சொற்களோடு வெளிவந்தது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி 1,04,405 சொற்களைக் கொண்டது. இவையனைத்தும் தலையெழுத்தின் வழியே சென்றவை. ஏடு பெருகப் பெருக, தேடுவோன் விரைவிற் காண்பதற்கு அதுவே தக்க வழியாயிற்று.

வாலைத் தேடுவோன் என் செய்வான்?

அகரவரிசைக்கு ஒரு குறை உண்டு. தலையை அறிந்தவனுக்கே அது கதவைத் திறக்கும். முரசுமோட்டை என்னும் பெயரைக் கேட்ட மாணவன் அகராதியை எடுத்தால் ‘முரசு’ என்னும் சொல்லுக்குச் செல்வான். அங்கே பறை என்னும் பொருளைக் காண்பான். உத்தரட்டாதி நாளுக்கும் அப்பெயர் உண்டு என்பதைக் காண்பான். பல்லின் அடித்தசையை முரசு என்னும் ஈழத்து வழக்கையும் அவன் வீட்டில் அறிந்திருப்பான். ஆயின் அவ்வூர் எத்தகைய நிலம் என்பதைச் சொல்வது தலையிலுள்ள முரசு அன்று, வாலிலுள்ள மோட்டையே. எம் ஊர்ப்பெயர்களில் முன்மொழி அடைமொழியாய் நின்று வேறுபடுத்தும். பின்மொழியே இன்னது என்று பெயர் சூட்டும்.

ஆதலால் ஊர்ப்பெயர்களை இயைபு நோக்கி அடுக்குதல் வேண்டும். பிற மொழியாளர் இவ்வழியை அறிந்திருந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இபுன் மன்சூர் தொகுத்த ‘லிசானுல் அரபு’ என்னும் பேரகராதி, சொல்லடியின் இறுதியெழுத்தைக் கொண்டு வரிசைப்படுத்தப்பட்டது. இலத்தீன் மொழிக்கு ஒற்றோ கிராடன்விட்சு என்னும் செருமானிய அறிஞர் 1904ஆம் ஆண்டில் சொற்களை ஈற்றிலிருந்து அடுக்கிய பட்டியலை வெளியிட்டார். தலை சிதைந்து வால் மாத்திரம் எஞ்சிய கல்வெட்டுச் சொல்லைப் படிக்க முயல்வோர்க்கு அத்தகைய நூல் எவ்வளவு துணையாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இம்முறையால் வன்னி ஊர்ப்பெயர்களைச் சிறிது அடுக்கிப் பார்ப்போம்.

குளம் என முடிவன: மாங்குளம், புளியங்குளம், பாண்டியன்குளம், அக்கராயன்குளம், கனகராயன்குளம், வெள்ளாங்குளம்.

மடு என முடிவன: இரணைமடு, விசுவமடு, ஒலுமடு, நயினாமடு, பெரியமடு, மருதமடு.

மோட்டை என முடிவன: கிளிநொச்சி மாவட்டத்து முரசுமோட்டை, வவுனியா மாவட்டத்துப் பாலமோட்டை.

பிற நீர்ப்பெயர்களால் முடிவன: நெடுங்கேணி, தண்ணீரூற்று, அம்பலவன்பொக்கணை, முள்ளிவாய்க்கால், புதுமுறிப்பு.

அகரவரிசையில் இப்பெயர்கள் ஏட்டின் வெவ்வேறு மூலைகளிற் சிதறிக் கிடக்கும். இயைபு வரிசையில் வைத்தவுடன் ஒரு நாட்டின் நீரியல் முழுவதும் கண்முன் எழுகின்றது. அணை கட்டித் தேக்கியது குளம், ஆழ்ந்த நீர்ப்பள்ளம் மடு, மழைநீர் தங்கும் சிறு பள்ளம் மோட்டை, தோண்டிக் கண்டது கேணி, தானே சுரப்பது ஊற்று, தேங்கிய சிறு பொய்கை பொக்கணை, பாயவிட்டது வாய்க்கால், கட்டு உடைந்ததைக் குறிப்பது முறிப்பு. ஆண்டில் ஒருமுறை மாரியைக் கண்டு, எஞ்சிய திங்களெல்லாம் அந்நீரைக் காத்து வாழ்ந்த மக்கள், நீர் நிற்கும் வகை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சொல் வைத்திருந்தனர். நெல்லை நம்பிய நாட்டில் இது வியப்பன்று.

தலை ஒத்த பெயர்களும் இவ்வாறே பயன்தரும். இரணைமடு, இரணைதீவு, இரணைப்பாலை, இரணை இலுப்பைக்குளம் என்பவற்றை ஒருங்கு வைத்து நோக்குக. இரணை என்பது இரட்டை என்னும் பொருளில் எம் நாட்டில் வழங்கும் பழஞ்சொல். இரணைதீவு அருகருகே அமைந்த இரு தீவுகள் என்பதைக் கண்ணாற் காணலாம். ஒரு பெயரின் பொருள் தெளிந்தால், அதே தலையையுடைய ஏனைய பெயர்களுக்கும் அது விளக்கு ஆகின்றது.

எழுத்து ஒத்தால் உறவாகுமா?

இனி, எம் தோழர் இருவரும் தவறிய இடத்துக்கு வருவோம். மோட்டை என்னும் சொல்லுக்குத் தொடையகராதி முறையில் எதுகை தேடினால் கோட்டை, ஓட்டை, சாட்டை, வேட்டை, மூட்டை, பாட்டை எனப் பல வந்து நிற்கும். இவை யாப்பிலே உடன்பிறந்தார். பொருளிலே ஒருவரையொருவர் அறியாதார். மறுபுறம் குட்டை என்னும் சொல்லை நோக்குக. முதலெழுத்துக் குறிலாதலின் அது மோட்டைக்கு எதுகையாகாது. ஆயினும் ‘குளம் குட்டை’ என்று உலகவழக்கிற் சொல்லும்போது அக்குட்டை சிறு நீர்நிலையையே குறிக்கின்றது. எதுகைக்குக் கோட்டை உறவு. பொருளுக்குக் குட்டை உறவு. காது காட்டும் உறவு ஒன்று. நிலம் காட்டும் உறவு வேறொன்று.

இன்னும் ஒன்று காண்க. தமிழகத்து வயல் வழக்கிலே வரப்பில் நண்டும் எலியும் துளைத்த பொந்தை மோட்டை என்பர். நீர் அவ்வழியே ஒழுகிப் போகும். வன்னியிலே நீர் தங்கும் பள்ளம் மோட்டை. ஒன்று நீரை விடுவது. மற்றொன்று நீரை ஏற்பது. இவை முரண் என்று தோன்றினும், மண்ணிலே குழிந்த இடம் என்னும் பொருள் இரண்டுக்கும் பொதுவாய் நிற்கின்றது. இங்கே எழுத்தொப்புமையோடு பொருளொப்புமையும் உண்டு. இரண்டும் உழவர் வாய்மொழியாய் இருத்தலும் உண்டு. ஆதலின் இவ்வுறவு கருதத்தக்கது.

சொற்களின் உறவை வேரிலே தேட வேண்டும் என்பதை எம் நாட்டிலே விரிவாக எடுத்துக்காட்டியவர் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர். அவரது சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி 1938ஆம் ஆண்டு முதற் பகுதி பகுதியாக வெளிவந்தது. 1961ஆம் ஆண்டில் பரோ, எமனோ என்னும் அறிஞர் இருவர் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, ஒரு சொல்லின் உறவைக் கன்னடம், தெலுங்கு, மலையாளம் முதலிய உடன்மொழிகளிலும் தேடிக் காட்டிற்று. வளை, வளைவு, வளையம், வளையல் என்பன எழுத்தால் ஒத்தன. வட்டமாய்த் திரும்புதல் என்னும் கருத்தாலும் ஒத்தன. வளி என்பதும் முதலிரண்டு ஒலியால் அவற்றோடு ஒத்து நிற்பினும், அது காற்றின் பெயர். இவ்வேறுபாட்டை அறிவதே சொல்லாராய்ச்சியின் முதற்படி.

ஆகவே எழுத்தொப்புமை கண்டவிடத்து மாணவர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். ஒன்று: பொருளும் ஒக்கின்றதா? இரண்டு: அப்பொருள் அவ்விடத்து நிலத்துக்கும் தொழிலுக்கும் பொருந்துகின்றதா? மூன்று: அச்சொல்லை அவ்வாறு வழங்கும் மக்கள் உளரா, அல்லது பழைய ஏட்டிற் சான்று உண்டா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்னும் விடை கிடைத்தால் உறவு உறுதி. ஒன்றுக்கேனும் விடை கிடையாதாயின் பொறுத்திருத்தலே அறிவுடைமை. வில் என முடியும் ஊர்ப்பெயரைக் கேட்டவுடன் இராமனையும் அருச்சுனனையும் அவ்வூருக்கு அழைத்து வரத் தோன்றும். வில்பத்துக் காட்டிலுள்ள இயற்கை நீர்நிலைகளை இன்றும் வில்லு என்றே வழங்குகின்றனர் என்பதை அறிந்தவன், கொக்காவில், கொக்குவில் என்னும் பெயர்களுக்கு முன் சற்று நின்று சிந்திப்பான்.

இதனாற் பயன் யாது?

இவை புலவர்க்கு வேண்டிய ஆராய்ச்சி. எமக்கு ஆவதென்ன என்று வினவுவாரும் உளர். அவர்க்கு இரண்டு கூறுவோம்.

முதலாவது: உரோம எழுத்தில் எழுதும்போது மோட்டை, மொட்டை என்னும் இரண்டும் பெரும்பாலும் ஒரே எழுத்துத்தொடராகி விடுகின்றன. பெயர்ப்பலகையிலும் படிவத்திலும் நிலப்படத்திலும் அவ்வாறே எழுதப்படும் பெயரை, ஊரறியாத ஒருவர் மீளத் தமிழாக்குங்கால், நெடில் குறிலாகிப் பள்ளம் வெளியாகிவிடும். ஓரெழுத்தின் அளவு குன்றியமையால் ஓர் ஊரின் வரலாறு குன்றும்.

இரண்டாவது இதனினும் பெரிது. முரசுமோட்டை பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், கண்டாவளைப் பிரிவில் அமைந்த ஊர். கனகராயன் ஆற்று நீரைத் தேக்கும் இரணைமடுவின் கீழ்ப்பட்ட நெல்நிலம் அப்பகுதியிற் பரந்துள்ளது. 2018ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே பெருமழை பெய்து இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் தாழ்நிலங்கள் வெள்ளத்துள் அமிழ்ந்தன. வெள்ளம் எங்கே நிற்கும் என்பதை நிலத்துக்குப் பெயரிட்ட முன்னோர் பெயரிலேயே எழுதி வைத்தனர். மோட்டை என்றும் மடு என்றும் தாழ்வு என்றும் பெயருள்ள துண்டு நிலத்தை மண்ணிட்டு நிரப்பி வீடு கட்டுபவன், அப்பெயரைப் படிக்கத் தெரியாதவனே. பெயரை நாம் மறக்கலாம், நீர் மறப்பதில்லை.

மேலும் 2008, 2009ஆம் ஆண்டுப் போர்க்காலத்தில் வன்னி மக்கள் ஊர்விட்டு ஊர் பெயர்ந்து, உடுத்த உடையோடு அலைந்ததை இம்மலரைப் படிப்போர் பலர் பட்டறிந்துள்ளனர். அக்காலத்தில் உறுதிகள் அழிந்தன. குடும்ப ஏடுகள் அழிந்தன. வயலின் எல்லை சொல்லக்கூடிய முதியோர் பலர் மறைந்தனர். மீண்டு வந்தவர் கையில் எஞ்சியவற்றுள் ஊர்ப்பெயரும் காணிப்பெயரும் சில. பெரிய ஊர்களின் பெயர்கள் அரசாங்க ஏட்டில் உள்ளன. வயற்றுண்டு, சிறுகுளம், மோட்டை ஆகியவற்றின் பெயர்களோ பெரும்பாலும் வாயிலே மாத்திரம் உள்ளன. வாய் மூடினால் அவையும் மூடும்.

இப்பணிக்கு முன்னோடிகள் எமக்கு இல்லாமலில்லை. வன்னி மாவட்டங்களைப் பற்றிய கைந்நூலொன்றை 1895ஆம் ஆண்டில் ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி வெளியிட்டார். 1918ஆம் ஆண்டில் எஸ். டபிள்யூ. குமாரசுவாமி வட மாகாணத்து இடப்பெயர்கள் சிலவற்றின் வரலாற்றை எழுதினார். இன்று எம் மாணவர்க்கு அவர்க்கில்லாத வசதிகள் உண்டு. கணினியில் ஏற்றப்பட்ட பேரகராதியில் ஒரு சொல்லைத் தலையால் மாத்திரமன்றி வாலாலும் தேடலாம். ஆயின் எந்த அகராதியிலும் ஏறாத காணிப்பெயரைக் கணினி தானே கண்டுபிடியாது. அதனை ஒருவர் நடந்து சென்று கேட்டு எழுதுதல் வேண்டும்.

மாணவர்க்கு ஒரு பயிற்சி

இதுகாறும் கூறியதைப் படித்துவிட்டு வைத்துவிடாது, பின்வருவனவற்றைச் செய்து பார்க்குமாறு மாணவரை வேண்டுகின்றோம்.

1. உமது ஊரிலும் அயலிலும் உள்ள குளம், காணி, வயல், ஒழுங்கை ஆகியவற்றின் பெயர்களை எழுதி, அவற்றை இறுதிச்சொல் நோக்கி அடுக்குக.

2. ஒவ்வொரு இறுதிச்சொல்லுக்கும் உமது பாட்டனார், பாட்டியார் கூறும் பொருளை அவர் சொன்னபடியே எழுதுக. திருத்தி எழுதற்க. பின்னர் அகராதியோடு ஒப்பிடுக.

3. மோட்டை, மடு என்னும் பெயருள்ள இடத்தை ஆவணியில் ஒருமுறையும் மார்கழியில் ஒருமுறையும் சென்று பார்த்து, நீர் நிற்பதும் வற்றுவதும் குறித்துக்கொள்க.

ஒரு வகுப்பு ஓராண்டு இதனைச் செய்தால் ஒரு பிரிவின் சொல்லேடு உருவாகும். பழைய மாணவராகிய நாம் அதனை அச்சேற்ற உதவுவோமாயின், விழா முடிந்து பந்தல் பிரித்த பின்னரும் இவ்விழாவின் பயன் நிலைத்து நிற்கும்.

எம் ஆசிரியர் அன்று கேட்ட வினா இன்றும் எம் செவியில் ஒலிக்கின்றது: “கண்ணினாற் கண்டவர் யார்?” நிகண்டு எமக்கு இரண்டாமெழுத்தைக் கற்பித்தது; அகராதி முதலெழுத்தைக் கற்பித்தது; ஈற்றெழுத்தைக் கற்பிக்க ஊரே ஆசிரியராய்க் காத்திருக்கின்றது. அதனிடம் சென்று கற்போமாக. எமது கல்லூரி நீடு வாழ்க. அதன் மாணவர் தம் ஊரின் பெயரைப் பொருளோடு சொல்லும் நாள் வளர்க.